வழியில் இறங்காத வேன்கள்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். பெரம்பலூர்ப் பக்கத்து வேன் தொழில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்த இரண்டு நாளில் ஒன்றில் அங்கே போய் நின்றாலே போதும். நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பியதுமே வண்டிகள் வரிசையாக நின்றன. கேரியர் மேல் அண்டா, கரண்டிக்கட்டு, சுருட்டிய ஜமுக்காளம், இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள். ஒரு வண்டியின் நிழலில் மாவிளக்குக்கான தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றின் பின்கதவைத் திறந்து வைத்துப் புளிச்சோறு பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் பயணத்தை முன்னுரிமைத் துறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. படுக்கையும் அடுப்படியும் கழிவறையும் கொண்ட அந்த வண்டிகளில் ஒன்றைக்கூட பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நான் பார்க்கவில்லை. ஆனால் ஓடும் வீடு நமக்குப் புதிதல்ல. சமைக்கப் பாத்திரம், படுக்கப் பாய், குழந்தைக்குத் தூளி கட்டச் சேலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாலு நாள் கோயில் கோயிலாகச் சுற்றும் வேன்தான் இங்கே மோட்டார் ஹோம். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இந்தக் கிராமங்களில், பலர் கடலை முதன்முதலாகப் பார்த்தது இப்படிப்பட்ட பயணத்தில்தான்.

வரிசையின் கடைசியில் நின்ற வண்டிக்கு உரிமையாளரும் டிரைவரும் ஒருவரே. இரண்டாம் கையாக வாங்கி, இன்னும் டியூ கட்டிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்றேன். "ஏசி போடாம, மேல பாரம் இல்லாம இருந்தா ஒன்பது சார். அண்டா குண்டாவெல்லாம் ஏத்தி, ஆளும் நிறைஞ்சு, ஏசியும் ஓடுனா ஏழரை, எட்டு. அதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது."

எட்டு என்றே வைத்துக்கொள்வோம். பெரம்பலூரிலிருந்து ராமேஸ்வரம் போய்வர ஏறத்தாழ 600 கிலோமீட்டர், 75 லிட்டர் டீசல். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது டெல்லியில் ஒரு லிட்டர் 55 ரூபாய் 60 காசு. 2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்த பிறகும் அதே டெல்லியில் 89 ரூபாய் 62 காசு. சென்னையில் 94-ஐத் தாண்டியிருந்தது. டெல்லிக் கணக்கை எடுத்தாலே லிட்டருக்கு 34 ரூபாய் கூடுதல். ஒரு ராமேஸ்வரம் சவாரிக்கு டீசலில் மட்டும் 2,550 ரூபாய் ஏறியிருந்தது. இதில் சமயபுரம் போன்ற சுங்கச்சாவடிகளின் கட்டணம் சேரவில்லை. அது ஆண்டுதோறும் தனியாக ஏறுகிறது. காப்பீடு, எஃப்.சி., டயர் எல்லாம் இருக்கவே இருக்கின்றன.

"கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா ஏத்திக் கேட்டா அடுத்த வண்டிக்குப் போயிடுறாங்க. போறவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களும் கூலி வேலைதானே" என்றார். அவரை உண்மையிலேயே உலுக்கியது 2022 பங்குனி. 2021 நவம்பர் 4 முதல் 137 நாள் பம்ப் விலை அசையவே இல்லை. ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்தபின், மார்ச் 22-இல் தொடங்கிப் பதினாறு நாளில் பதினான்கு முறை ஏறி, லிட்டருக்கு மொத்தம் 10 ரூபாய் கூடியது. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் எகிறியிருந்த நேரம் அது. மாசியிலேயே கோடை விடுமுறைச் சவாரிகளுக்கு முன்பணம் வாங்கி, வாடகையும் பேசி முடித்திருந்தார். பேசிய வாக்கை மாற்றவில்லை. கைக்காசு போட்டு ஓட்டினார். 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாறலாம் என்ற ஏற்பாட்டில், இரண்டு மாதம் முன்னால் வாடகை பேசுகிற தொழில் எப்படி நிலைக்கும்? பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே டீசல் விலை ஏறினால் வாடகையும் ஏறும் என்று எழுதிக்கொள்கின்றன. வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் வாங்குகிறவரால் அது முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தபோது டீசலுக்கு அந்தக் குறைப்பு இல்லாததையும் அவர் நினைவில் வைத்திருக்கிறார். அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் சிக்கனத்துக்கு வழி தெரிந்தவர். திருநள்ளாறு சவாரி என்றால் டேங்கைப் பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டுதான் கிளம்புவாராம். அந்த ஊர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்காலில் இருக்கிறது. வரி குறைவு, டீசலும் மலிவு. சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நேரே பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவார்.

சிறுவாச்சூரிலிருந்து அரியலூர் போனேன். சுண்ணாம்புக்கல் டிப்பர்களும் சிமெண்ட் லாரிகளும் இந்தப் பக்கத்துச் சாலைகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லோடுக்குக் காத்திருக்கும் வெளியூர் லாரிகளின் ஓரத்தில், பம்ப் ஸ்டவ்வில் சோறு வெந்துகொண்டிருந்தது. கேபினே படுக்கை, டூல்ஸ் பெட்டியே மளிகை அலமாரி. முன்பு வேன் ஓட்டிய ஒருவரை அங்கே சந்தித்தேன். வண்டியை விற்றுவிட்டு லாரியில் சம்பளத்துக்கு ஏறிவிட்டார். "டீசல் ஏறுனா ஓனர் பாடு. நமக்குப் படி வந்துடும்" என்றார். சொந்த வண்டி வைத்திருந்தவர் இதை நிம்மதியோடு சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

விலையேற்றம் பயணத்தை நிறுத்திவிடவில்லை. அதன் உருவத்தை மாற்றியிருக்கிறது. திருமானூர்ப் பக்கம் போனபோதுதான் இது தெளிவாகப் புரிந்தது. பெரம்பலூர், அரியலூரிலிருந்து வேளாங்கண்ணி போகிற வேன்கள் பல இந்த வழியாகத்தான் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் போகின்றன. சில கிலோமீட்டர் உள்ளே போனால் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் தங்கிப் பணிசெய்து, திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர். அடைக்கல மாதா கோயிலில் மெழுகுத்திரி ஏற்றி, மர நிழலில் கட்டுச்சோறு பிரித்துவிட்டு மேலே போவதுதான் பழைய வழக்கம். கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் அம்மா சொன்னார்: "திருவிழா நாளுக்குக் கூட்டம் வரும் தம்பி. மத்த நாள்ல வேளாங்கண்ணி வண்டி உள்ள திரும்புறது கொறஞ்சு போச்சு. கிலோமீட்டர் கணக்கு பாக்குறாங்க." இதே வட்டாரத்தில்தான் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி. மார்கழியில் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் அந்தக் கரைக்கு, அடுத்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? முன்பெல்லாம் வேனில் போகும்போது யாராவது ஒருவர் "இங்கயும் இறங்கிப் பாத்துடலாமே" என்பார். டிரைவரும் தலையாட்டுவார். இப்போது அந்தத் திருப்பத்துக்கும் விலை பேச வேண்டியிருக்கிறது.

சமையலும் மாறிவிட்டது. 2023 ஆகஸ்ட் 26-இல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சிலிண்டரோடு வந்தால் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் டிரைவர்களைப் பார்த்தேன். சரியான முடிவு. விறகு ஏற்றலாம், ஆனால் பாரம் கூடும், பற்றவைக்க இடமும் கிடைப்பதில்லை. ஓட்டலில் சாப்பிட்டால் இருபது பேருக்கு ஒரு வேளைக்கே கை கடிக்கிறது. அதனால் வீட்டில் கட்டிய சோறு கெடுவதற்குள் திரும்பிவிடுகிற பயணமாகச் சுருங்குகிறது.

எண்ணெய் விலை ஓடும் வீடுகளை அடிப்பது உலகம் முழுக்க நடந்ததுதான். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவின் வின்னபேகோ போன்ற மோட்டார் ஹோம் நிறுவனங்கள் தள்ளாடின. அங்கே அது பெரும்பாலும் விடுமுறையைத் தள்ளிப்போடும் விஷயம். இங்கே ஆயுளுக்கு ஒருமுறை ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடும் ஆசை தள்ளிப்போகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். முதலாம் ராஜேந்திரன் கட்டிய கோயில்; 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வெளியே சாலையோரம் வேப்பந்தட்டைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். காலையில் சிதம்பரம், மாலையில் இது, இரவே வீடு. போன தடவை மூன்று நாள் சுற்றியவர்கள். ஒருவருக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கு போட்டு, வண்டியில் ஆட்களைக் கூட்டியும் ஏற்றியிருந்தார்கள். பதினேழு பேர் உட்காரும் வண்டியில் மடியில் பிள்ளைகளோடு இருபதுக்கு மேல் இருக்கும். இது ஆபத்தென்று எல்லோருக்கும் தெரியும். டீசல் செலவை ஆளுக்காள் பிரித்துப் பார்த்த கணக்குதான் அவர்களை நெருக்கி உட்காரவைக்கிறது.

அரசு கேரவன் பூங்கா அமைப்பது நல்லதுதான். அதற்கு முன் சிறுவாச்சூர், ஏலாக்குறிச்சி, கங்கைகொண்ட சோழபுரம் போன்ற ஊர்களில் வேன் நிறுத்த இடம், தண்ணீர்க் குழாய், சமைக்கப் பாதுகாப்பான கொட்டகை, பெண்கள் இரவு தங்கக் கழிவறையோடு ஒரு கூடம் கட்டித் தரலாம். டீசலில் போன காசில் பாதியாவது ஓட்டல் செலவிலும் தங்கும் செலவிலும் மிஞ்சும். சுற்றும் நாளில் ஒன்று திரும்பக் கிடைக்கும்.

அந்தப் பெண்கள் பயணத்துக்கென்று சீட்டு போடுகிறார்கள். அதை நடத்தும் அம்மாவிடம், "ராமேஸ்வரம் எப்பம்மா?" என்று கேட்டேன். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து எடுத்து வைக்கும் தொகையை இந்த ஆண்டு கூட்டியிருக்கிறார்களாம். பக்கத்து ஊர்க் குழுவையும் சேர்த்துக்கொண்டு, வேனுக்குப் பதில் ஒரு பஸ்ஸாகப் பிடித்தால் தலைக்கு எவ்வளவு குறையும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். "பருத்திக் காசு கைக்கு வரட்டும் தம்பி, தேதி வச்சிடுவோம். ஏலாக்குறிச்சியும் ஒரு நாள் போகணும், எம் மருமவ வேண்டிக்கிட்டிருக்கா" என்றார்.