இரவு பத்துக்குப் பிறகு

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கிட்' மென்பொருள் நேரத்தோடு குறித்துவைக்கும். அதற்குக் கமிட் என்று பெயர். போன மாதம் ஒரு பழைய பிழையைத் தேடப்போய், என்னுடைய ஐந்து வருடக் கமிட்டுகளை வரிசையாகப் பார்த்தேன். மகள் பிறப்பதற்கு முன் எல்லாம் காலை 11 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள். பிறந்தபின் பாதிக்குமேல் இரவு 10 மணிக்குப் பிறகு. எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

அப்பாவானால் வேலை நேரம் குறையும் என்று நினைத்திருந்தேன். நண்பனிடம் சொன்னபோது சிரித்தான். "டேய், வீட்டுக் கடன் இருக்கு, ஸ்கூல் ஃபீஸ் வரப்போகுது. இப்பப் போய் அப்ரைசலைக் கோட்டை விடுவியா?"

2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் இருக்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. என் நிறுவனம் ஐந்து நாள் தந்தது. ஆறாம் நாள் மீட்டிங்கில் இருந்தேன்.

அந்த வருடம் மேனேஜர் சொன்னார்: "கொழந்தை வந்ததும் பொறுப்பு வந்துடுச்சு." மனைவியும் பொறியாளர், வேறு நிறுவனம். மாலை ஆறு மணிக்கு அவள் லேப்டாப்பை மூடியதற்கு அங்கே கிடைத்த பெயர்: "கமிட்மென்ட் குறைஞ்சிருக்கு." ஒரே குழந்தைதான்.

2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் விளக்குகிறார். சில வேலைகள், எந்நேரமும் கிடைப்பவருக்கு அளவுக்கு மீறிச் சம்பளம் தருகின்றன. குழந்தை வந்ததும் தம்பதியில் ஒருவர் அந்த வேலையைப் பிடித்துக்கொள்கிறார். மற்றவர் எந்நேரமும் வீட்டுக்குக் கிடைப்பவராகிறார். பெரும்பாலும் அவர் மனைவி.

மாலையில் இரண்டு மணி நேரம் மகளோடு விளையாடுவேன். நல்ல அப்பா என்றே என்னை நம்பியிருந்தேன். கமிட் பட்டியலை மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ ராத்திரி கதவைச் சாத்திட்டு வேலை பாத்தப்ப, கதவுக்கு இந்தப் பக்கம் யாரு இருந்தா?"

அவளுடைய கடைசிக் கமிட் ஒரு மதியம் 3.40க்கு. ஓர் எழுத்துப் பிழைத் திருத்தம். மறுநாள் வேலையை விட்டாள். மகளுக்கு அப்போது பதினான்கு மாதம்.

இப்போது மறுபடி இன்டர்வியூக்களுக்குத் தயாராகிறாள். என் காலண்டரில் மாலை 5.30லிருந்து 9 வரை மூடிவைத்திருக்கிறேன், இரவில் ஈடுகட்டுவதில்லை என்ற முடிவோடு. மேனேஜர் கேட்டார், "எத்தனை நாளைக்கு?"

"கொழந்தைக்கு இப்பதான் மூணு வயசு சார்" என்றேன். இந்த வருட அப்ரைசல் இன்னும் வரவில்லை.