குறிக்குப் பின்னால் இருப்பவர்



நம் பங்கில் வளர்ந்து, இன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: "சாமி, ஆற்றல் மிகுந்த காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் அட்டையில் குறி வரைந்து சுட்டுப் பழகுகிறேன். இது பாவமா?" அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து, நான் அளித்த மறுமொழியைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். யாங்கூனில் வாழும் நமக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வெடியோசை கேட்டாலே தாய்மார் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் இக்காலத்தில் இங்கே எவரும் இத்தகைய கருவியை நாட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஆயினும் நம் பிள்ளைகள் பல நாடுகளில் வாழ்கிறார்கள். மேலும், இக்கேள்விக்குள் இருக்கும் அறம் துப்பாக்கி வைத்திருப்பவர்க்கு மட்டும் உரியதன்று.

குறி பார்த்துச் சுடுவது பாவமன்று. மூச்சையும் கையையும் மனத்தையும் ஒருசேர அடக்கப் பழக்கும் கலை அது. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இப்போட்டியில்தான். ஆகவே அந்த இளைஞரிடம் நான் துப்பாக்கியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உங்கள் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அரை அங்குல ப்ளைவுட் பலகை, அதற்குப் பின் மரவேலி, அதற்கும் பின் அடுத்த வீட்டுத் தோட்டம் என்று விடை வந்தது. பாவமா இல்லையா என்ற வினாவுக்கு விடை அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

காற்றுத் துப்பாக்கி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது சென்னை மெரினாவில் பலூன் சுடும் கடை. அதனால் அதை விளையாட்டுப் பொருளாகவே எண்ணிவிடுகிறோம். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படையினர் காற்றுத் துப்பாக்கியைப் போர்க்கருவியாகவே ஏந்தினர். இன்றைய ஒலிம்பிக் துப்பாக்கி அரைக் கிராம் ஈயக்குண்டை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. அதன் ஆற்றல் சுமார் 7 ஜூல். அழுத்தக் காற்றை உருளையில் அடைத்துச் சுடும் ஆற்றல்மிக்க வகையோ 1 கிராம் குண்டை நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் அனுப்பவல்லது. அதன் ஆற்றல் 39 ஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். தடுப்பார் இல்லையெனில் அக்குண்டு சில நூறு மீட்டர் செல்லும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 ஜூலைத் தாண்டும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பது காரணமின்றி அன்று.

தடுப்புக் கட்டுவது பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் புனித அந்தோணியார் திருவிழாவில் பலூன் சுடும் கடை ஒன்று வைக்க அனுமதி கேட்டார்கள். கடைக்குப் பின்னால் மூங்கில் தட்டி ஒன்றுதான் இருந்தது. அதற்கு அப்பால் சந்து. சந்தில் தாழ்ந்த முக்காலிகளில் அமர்ந்து மக்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். தடுப்பு எழுந்த பின்னரே கடை எழலாம் என்று சொல்லிவிட்டு, உபதேசியாரும் நானும் தச்சர் ஒருவரின் துணையோடு ஒன்றைச் செய்தோம். கனத்த பலகைகளால் பெட்டி அடித்து மணல் நிரப்பினோம். இரண்டு மாலைப் பொழுதுகளிலேயே ஒன்று விளங்கிற்று. குண்டுகள் பெட்டி முழுவதும் பரவி விழுவதில்லை. பலூன் தொங்கும் இடத்திலேயே மீண்டும் மீண்டும் பட்டு, முன்பலகையின் நடுவை அரித்துவிடுகின்றன. அன்றாடம் பலகையைத் திருப்பிப் பொருத்தினோம். அது ஜூன் மாதம்; மழைக்காலம். பக்கங்களில் அடுக்கிய சாக்குகளில் மணல் நனைந்து கீழிறங்கி, மேற்பகுதி வெறும் துணியாகிப் போவதையும் கண்டோம். வெளிப்பார்வைக்கு மூட்டை முழுமையாகவே இருக்கும். கையால் அழுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அந்தச் சிறு துப்பாக்கிக்கே அவ்வளவு வேண்டியிருந்தது. ஆற்றல் மிக்கதற்கு மரம் போதாது. 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை, மேல்விளிம்பு சுடுபவரை நோக்கிச் சாயுமாறு 45 பாகையில் ஒரு பெட்டிக்குள் பொருத்த வேண்டும். அப்போது குண்டு கீழ்நோக்கித் திரும்பி அடியில் உள்ள மணல் தட்டில் விழும். தகட்டை நேராக நிறுத்தினால் ஈயச் சிதறல்கள் சுடுபவரை நோக்கியே தெறிக்கும். மின்பணியாளர் குழாய் வாய்களை அடைக்கும், இறுகாத களிமண் போன்ற பசையைப் பெட்டியில் கனமாக அப்பி, பின்னால் தகடு வைப்பதும் நல்ல முறை. அது குண்டை ஓசையின்றி விழுங்கிக்கொள்ளும். மணலில் கல் இருக்கலாகாது. மூங்கில், உருண்டைக் கட்டை, பாறை, காற்றடித்த டயர் ஆகியவை தடுப்பாகா. குண்டை எங்கோ திருப்பிவிடும். எஃகு உருண்டைக் குண்டுகளை எஃகுத் தகட்டின் மீது ஒருபோதும் சுடலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

தடுப்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? குழல் 1 பாகை விலகினால் 10 மீட்டரில் குண்டு 17 சென்டிமீட்டர் தள்ளிப் படும்; 25 மீட்டரில் 44 சென்டிமீட்டர். துப்பாக்கியைத் தூக்கும்போது விரல் தவறினால் விலகல் 1 பாகையோடு நிற்காது. ஆகவே பெட்டிக்குப் பின்னால் அகன்ற மண்மேடோ செங்கற்சுவரோ இரண்டாம் தடுப்பாக இருந்தே ஆக வேண்டும். சிறந்த வீரருக்கும் இது பொருந்தும். நம் தேர்ச்சி நம்மைப் பற்றியது. தடுப்போ பிறரைப் பற்றியது.

இன்னொன்று ஈயம். குழந்தைகளின் உடலில் கேடு விளைவிக்காத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆதலால் சுட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தட்டில் சேர்ந்த தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள். அந்த மணலில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

தமிழகத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை இங்கே நினைவுகூர்கிறேன். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பாட்டனார் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அது காற்றுத் துப்பாக்கியன்று, படைக்கருவி. ஆயினும் சுடுபவர்க்கும் அச்சிறுவனுக்கும் எந்தப் பகையும் இல்லை. அவன் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. குறியைத் தாண்டிய குண்டு அறியாதவரைத்தான் தேடிச் செல்கிறது.

இணைச்சட்டம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். இன்றேல், விழுந்து இறப்பவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். வீட்டுக்காரர் எவரையும் தள்ளிவிடவில்லை. சுவர் கட்டாததே பழியாகிறது. கடுமையான காரணமின்றி ஒருவரைச் சாவின் இடருக்கு உள்ளாக்குவதையும் ஐந்தாம் கட்டளையின் கீழ் விலக்குகிறது நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2269). கொலை செய்யாதிருப்பது என்பது கையை அடக்குவது மட்டுமன்று. மண்வெட்டியை எடுத்து மண்மேடு எழுப்புவதும்தான்.

அந்த இளைஞருக்கு நான் இறுதியாக எழுதியது இதுதான்: "தம்பி, தடுப்பைக் கட்டி முடித்ததும், முதல் குண்டை இடுவதற்கு முன், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுத் தடுப்பின் மறுபுறம் போய் நில்லுங்கள். அடுத்த வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் பிள்ளை விளையாடும் இடத்தில் நின்று உங்கள் கொல்லையைப் பாருங்கள். அங்கே உங்கள் சொந்தப் பிள்ளையை அமர்த்த மனம் ஒப்பினால் சுடுங்கள். ஒப்பவில்லையென்றால், இன்னும் ஒரு வரிசை செங்கல் வையுங்கள்."

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் சுவர்களுக்கு அப்பால் வாழ்பவர்களையும் காப்பாராக.