கூடத்தில் ஒரு கன்றுக்குட்டி

பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்த நம்முடைய வீடுகளில் ஊரின் அடையாளமாக ஏதேனும் ஒரு பொருள் இருக்கும். ஒருவரும் அரைக்காத அம்மி, பாட்டி முடைந்த ஓலைப்பெட்டி, தகப்பனாரின் பழைய அரிவாள். மும்பையின் பத்தடி அறையில் அதற்கு இடமில்லை என்று அறிந்தும் எறிய மனம் வருவதில்லை. இதே வாஞ்சையை அமெரிக்காவில் பெருஞ்செல்வந்தர் ஒருவரின் மாளிகையில் நான் கண்டேன்.

2012-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றிருந்தபோது, என்னை உபசரித்த தமிழ்க் குடும்பத்தார் பசிபிக் பாலிசேட்ஸ் மலைச்சரிவிலுள்ள வில் ரோஜர்ஸ் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். வண்டி நிறுத்துவதற்கு மட்டுமே கட்டணம். வீட்டைச் சுற்றிப் பார்ப்பது இலவசம். ஏறத்தாழ 186 ஏக்கர். வழியின் இருபுறமும் நெடிய தைலமரங்கள், நடுவே பரந்த போலோ மைதானம், அதற்கப்பால் குதிரைலாயம். மேட்டின்மேல் 31 அறைகளுள்ள மரவீடு.

வில் ரோஜர்ஸ் 1879-இல் இன்றைய ஒக்லகோமா மாநிலப் பகுதியில், செரோக்கி என்னும் பூர்வகுடி மக்களிடையே பிறந்தவர். அவருடைய தகப்பனார் பெரிய மாட்டுப் பண்ணை நடத்தியவர். ஆனால் செரோக்கி மக்களின் பொதுநிலத்தை அரசாங்கம் தனித்தனியாகக் கூறுபோட்டபோது அந்தப் பண்ணை சுருங்கிப்போயிற்று. மகனோ சுருக்குக் கயிறு வீசும் வித்தையை மூலதனமாகக் கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டார். சர்க்கஸ், நியூயார்க் மேடை, திரைப்படம், வானொலி, நாளிதழ்ப் பத்தி என்று அவர் ஏறாத படி இல்லை. கைநிறையச் சம்பாதித்தபின் அவர் செய்தது என்ன? 1920-களில் இந்த மலைச்சரிவை வாங்கி, தாம் இழந்த பண்ணையை நகரத்தின் ஓரத்திலே மறுபடியும் உண்டாக்கினார்.

அந்தக் கூடத்தை நான் மறப்பதற்கில்லை. நட்டநடுவே உத்தரத்திலிருந்து தொங்கும் ஓர் ஊஞ்சல். நம்மூர் வீட்டு ஊஞ்சலைப் பார்த்ததுபோல் என்னுடன் வந்த அம்மையார் சிரித்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே கயிறு சுழற்றிப் பழகுவதற்காக மேற்கூரையை உயர்த்திக் கட்டியிருந்தார் ரோஜர்ஸ். அருகில் பாடம்செய்த ஒரு கன்றுக்குட்டி. வந்த விருந்தினர்மேலெல்லாம் அவர் கயிறு வீசுவதைப் பொறுக்கமாட்டாமல், இனி இதன்மேல் வீசும் என்று ஓவிய நண்பர் ஒருவர் கொடுத்த பரிசாம்! மாளிகை என்று சொல்லிக்கொண்டாலும் அது ஓர் இடையனின் குடிசையே, அளவில்தான் பெரிது.

1935 ஆகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் விமானம் விழுந்து அவர் மாண்டார். 1944-இல் அவ்விடம் கலிபோர்னியா மாநிலப் பூங்காவாயிற்று. மனைவி பெட்டி அம்மையாரும் அதே ஆண்டில் மறைந்தார். துண்டுதுண்டாக விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்பதை மும்பைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலப்போக்கில் வீடு பழுதடையவே, பல ஆண்டுகள் பூட்டிவைத்துச் செப்பனிட்டு, குடும்பம் வாழ்ந்த காலத்தில் இருந்தபடியே ஆக்கி, 2006-இல் மீண்டும் திறந்தார்கள். நான் கண்டது அந்தச் செப்பனிட்ட வீட்டையே.

2025 ஜனவரி 7 அன்று பாலிசேட்ஸ் காட்டுத்தீ பற்றியது. 12 பேர் உயிரிழந்தனர். 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ரோஜர்ஸின் வீடும் குதிரைலாயமும் அவற்றுள் அடக்கம். பூங்கா ஊழியர்கள் குதிரைகளை முன்னதாகவே வெளியேற்றியிருந்தனர். சில ஓவியங்களையும் பழம்பொருட்களையும் எடுத்துச் சென்றனர். செய்தியில் படத்தைப் பார்த்தேன். மரவீடு நின்ற இடத்தில் கல்லாலான புகைபோக்கி மட்டும் தனியே நின்றது.

மறுபடி கட்டவேண்டுமா என்ற கேள்வி எழாமலிராது. பழுதானதைச் செப்பனிடுவது வேறு, சாம்பலின்மேல் ஒத்த உருவம் ஒன்றை எழுப்புவது வேறு. வரைபடங்களும் புகைப்படங்களும் இருப்பதால் 31 அறைகளையும் அங்குலம் பிசகாமல் கட்டிவிடலாம். ஆயினும் அவர் கை பிடித்த கதவும், அவருக்காக உயர்த்தப்பட்ட கூரையும் அதில் இரா. அப்படிப்பட்ட கூடத்தில் புதிய ஊஞ்சலைத் தொங்கவிட்டால், அது நாடகக் காட்சியமைப்பாகவே எனக்குத் தோன்றும். இதை அங்குள்ளோர் பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஊரின் அம்மி உடைந்துபோனால் கடையிலே புதிய அம்மி வாங்கிவைத்துத் திருப்தியடைவோரும் நம்மில் உண்டே.

என்னைக் கேட்டால், வீடு காத்திருக்கட்டும். குதிரைலாயத்தை முதலாவது கட்டட்டும். தைலமரங்கள் நின்ற வழியில் நிழல்தரும் மரங்களை நடட்டும். மைதானத்தில் பிள்ளைகள் ஓடட்டும். வெளியேற்றப்பட்ட குதிரைகளுக்கு அங்கே ஒதுங்க ஓர் இடம் இருக்கட்டும்.