ஆறட்டும்!

'தடித்த கண்ணாடித் தம்ளரில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடுவது ஏன்?' முதலாண்டுத் தேர்வில் வந்த வினா இது. பிழையின்றி விடை எழுதினேன். ஆனால் அந்த விடை என் கைக்கு வந்து சேர ஓராண்டு ஆயிற்று.

கோடை விடுமுறையில் ஒருநாள் அப்பாவுடன் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். 2014-இல் உற்பத்தியே நின்றுபோன அம்பாசிடர் கார்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பன்னிரண்டைத் தாண்டியதும், பானெட்டிலிருந்து குபுகுபுவென ஆவி எழுந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கழன்று, தண்ணீரெல்லாம் சாலையில் ஓடியது. ஏற்காட்டில் ஒரு குடும்பம் எங்களுக்காகக் காத்திருந்தது. அந்த வாடகைதான் அன்றைய வருமானம்.

டிக்கியிலிருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஊத்தாதே தம்பி! ஹெட்டு வெடிச்சிடும். மொதல்ல ஆறட்டும்."

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சாலையோரம் அமர்ந்தோம். "எதனால வெடிக்குது? உங்க படிப்புல சொல்லியிருப்பாங்களே" என்று கேட்டார். தம்ளர் கதையைச் சொன்னேன். தண்ணீர் பட்ட இடம் மட்டும் சட்டென்று சுருங்கும். பக்கத்து இரும்பு சூட்டில் விரிந்தபடியே நிற்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். "அதானா சங்கதி!" என்று வியந்தார்.

முக்கால் மணி கழித்து வேலை தொடங்கியது. துருவேறிய கிளாம்பு அறுந்திருந்தது. ஹோஸின் முனையும் பிளந்திருந்தது. பிளந்த பகுதியை விரலகலம் கத்தியால் அறுத்தெறிந்தார். குழாய் வாயைத் துணியால் துடைத்து, அதன் விளிம்பு மேட்டைத் தாண்டும்வரை ஹோஸை அழுத்தி ஏற்றினார். மேட்டுக்குப் பின்னால் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்கினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம்.

"கம்பி ரப்பரை அறுத்துடும். வீடு போய்ச் சேரத்தான் இது" என்றார். மறுநாள் புதுக் கிளாம்பு போட்டோம். நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அந்தக் குடும்பம் வேறு வண்டியில் இறங்கிவிட்டது. வாடகை போயிற்று, எஞ்சின் பிழைத்தது.

நண்பர்களே, காரணம் தெரியாமலே அப்பா இத்தனை காலம் எஞ்சினைக் காத்து வந்திருக்கிறார். காரணம் தெரிந்த நானோ அதை ஒரு நிமிடத்தில் உடைக்கப் பார்த்தேன். இப்போதெல்லாம் தேர்வுத்தாளில் எந்த விடையை எழுதினாலும், என் கையை யாரோ பிடிப்பது போலிருக்கிறது.