எச்.சி-05 என்ற பெயர் யாருடையது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, குருமண்வெளியிலிருந்து ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறினால் வந்திறங்கும் படுவான்கரை ஊர் மண்டூர். இங்குள்ள மாணவர் ஒருவர் தன் ஆர்டுயினோவைக் கைத்தொலைபேசியோடு கம்பியில்லாமல் இணைக்க நினைத்து, மலிவான புளூடூத் மொடியூல் எது என்று விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் எச்.சி-05. அந்தப் பதிலை அப்படியே ஏற்பதற்கு முன் அதன் பூர்வீகத்தைத் தேட வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு பொருள் மலிவானதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா என்று தெரிந்தால்தான், முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பிலிருந்து கூரியர் காசும் கொடுத்து அதை வரவழைக்கலாமா என்று சொல்ல முடியும்.

தேடலை மொடியூலின் முகத்திலிருந்தே தொடங்கலாம். அதில் இரண்டு கறுப்புச் சிப்புகள் இருக்கும். வழமையான எச்.சி-05இல் அவற்றுள் ஒன்று பி.சி.417, மற்றது மென்பொருளைத் தாங்கும் 8 மெகாபிற் நினைவகம். பி.சி.417ஐ வடிவமைத்தது சீன நிறுவனம் அல்ல, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ. புளூடூத்துக்கான வேலை 1994இல் சுவீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. 1998இல் எரிக்சன், நொக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தொஷிபா ஆகிய ஐந்தும் அதற்கென ஓர் அமைப்பை உருவாக்கின. அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் கன்சல்டன்ற்ஸிலிருந்து பிரிந்து வந்து கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோவைத் தொடங்கியவர்கள் ரேடியோப் பகுதியையும் கணிக்கும் பகுதியையும் சாதாரண சீமொஸ் முறையில் ஒரே சிப்பில் அடக்கினார்கள். விலை இறங்கிய முதல் படி அதுதான். காதில் மாட்டும் ஹெட்செற்றுக்கும் கைத்தொலைபேசிக்குமாக அந்தச் சிப்புகள் கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டன. பொழுதுபோக்காகச் சர்க்கியூட் கட்டுவோரை யாரும் அப்போது மனத்தில் வைத்திருக்கவில்லை.

இரண்டாவது படி குவாங்சௌவில் நடந்தது. எச்.சி என்பது ஹுவிசெங் என்ற அந்நகர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். அதன் மென்பொருள், புளூடூத்தின் சிக்கல் முழுவதையும் இரண்டு கம்பிகளுக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறது: ஒன்றில் எழுத்தை அனுப்பலாம், மற்றதில் வாங்கலாம். இதே வேலையைச் செய்த அமெரிக்க மொடியூல்கள் அறுபது டொலரை ஒட்டி விற்ற காலத்தில் இது பத்து டொலருக்குள் கிடைத்தது. மலிவின் முழு இரகசியமும் இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். வேறொரு சந்தைக்காகப் பெருந்தொகையாக வார்த்த பழைய சிப்பும், ஒரேயொரு வேலையைச் செய்யும் மென்பொருளும் சேர்ந்ததே அந்த விலை. பதிப்பு எண்ணைக் கேட்டால் பல மொடியூல்கள் 2.0-20100601 என்று பதில் தரும். 2010 ஜூன் 1ஆம் திகதி அதிலேயே பொறித்திருக்கிறது.

ஆனால் அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் அந்த நிறுவனத்தின் கையிலிருந்து வந்தவையல்ல. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் உள்ள முகவரியின் முதல் மூன்று பகுதிகள் அதைப் பதிந்த நிறுவனத்தைக் காட்டும். எச்.சி-05 என்று விற்கும் பலவற்றின் முகவரி 98:டி3:31 என்று தொடங்குகிறது. அது ஷென்சென் நகரின் பொலுடெக் நிறுவனத்துக்கு உரியது. வேறு சில 20:14, 20:15 என்று ஆண்டைப்போலத் தொடங்குகின்றன. ஆகவே எச்.சி-05 என்பது இன்று ஒரு நடத்தையின் பெயராகிவிட்டது. போலி என்று இதைத் தள்ளிவிட வேண்டாமா என்று கேட்கலாம். எழுத்தை அனுப்பி வாங்குவதில் வேறுபாடு இல்லாதவரை வேண்டாம் என்பேன். எச்சரிக்கை தேவைப்படுவது எச்.எம்-10 என்ற மற்றொரு மொடியூலில்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸின் சி.சி.2541 சிப்பில் அமைந்த அந்த மொடியூலின் நகல்கள் கட்டளைகளுக்கே வேறுவிதமாகப் பதில் சொல்லி, புதிதாகத் தொடங்குபவரின் நாட்களைத் தின்றுவிடும்.

இனி மலிவான மொடியூல் எது என்ற முதற் கேள்விக்கு வரலாம். 2016இல் ஷங்காயின் எஸ்பிரெசிவ் வெளியிட்ட ஈ.எஸ்.பி.32 சிப்பில் கணிக்கும் பகுதி, வைஃபை, எச்.சி-05 பயன்படுத்தும் பழைய புளூடூத், குறைந்த மின்சாரப் புளூடூத் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. அந்தச் சிப் பொருத்திய போர்ட் ஒன்றின் விலை, பொதுவாக ஆர்டுயினோ யூனோவும் எச்.சி-05உம் சேர்ந்த விலையைவிடக் குறைவு. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நாட்டில் இந்த வித்தியாசம் சிறிதல்ல. புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு எச்.சி-05 இப்போது மலிவானதல்ல என்பதே என் முடிவு. அதை மலிவாக்கிய முதற் காரணம், பல வேலைகளை ஒரே சிப்பில் அடக்குவது, அடுத்த சிப்புக்குப் போய்விட்டது.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. யூனோ ஏற்கெனவே கையில் இருந்தால்? அப்போது எச்.சி-05தான் சிக்கனம், ஆனால் யூனோவின் 5 வோல்ற் அதன் வாங்கும் காலுக்கு நேராகப் போகக்கூடாது. ஒரு கிலோ ஓமும் இரண்டு கிலோ ஓமுமாக, சில ரூபாவில் வாங்கும் இரு தடைகளால் அதை 3.3 வோல்ற்றுக்கு இறக்க வேண்டும். ஈ.எஸ்.பி.32 மின்சாரத்தைக் குடிக்காதா? குடிக்கும், பற்றரியில் மாதக்கணக்காக ஓடவேண்டிய கருவிக்குக் குறைந்த மின்சாரப் புளூடூத் சிப்பே பொருந்தும். வீட்டில் இருப்பது ஐபோன் என்றால் எச்.சி-05ஐ நினைக்கவே வேண்டாம், சாதாரண செயலி எதுவும் அதோடு இணையாது. ஈ.எஸ்.பி.32 என்று கேட்கும்போதும் கவனம் வேண்டும்: சி3 வகையில் பழைய புளூடூத் இல்லை. எட்டும் தூரத்தையும் பார்க்க வேண்டும்: எச்.சி-05ஆல் கிணற்றடி மோட்டரைத் திண்ணையிலிருந்து இயக்கலாம். ஆனால் பத்து மீற்றர் அளவே எட்டும் அதை வைத்து வயல் நடுவிலுள்ள மோட்டரை இயக்க முடியாது.

இவற்றையெல்லாம் எண்ணிய பிறகும் எச்.சி-05ஐயே வாங்குபவர், வந்த மொடியூலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதிலுள்ள சிறு பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் விளக்கு இரண்டு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக மின்னத் தொடங்கும். அப்போது விநாடிக்கு 38400 பிற் வேகத்தில் பதிப்பையும் முகவரியையும் கேட்க வேண்டும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், தான் எந்த ஆண்டு மென்பொருளோடு வந்தது என்பதை அந்தப் பதில் சொல்லும்.