பால் வார்த்த கை

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பேராசிரியர் கேட்டபோது, என் நண்பர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றியும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றியும் எழுதப் போவதாகக் கூறினர். விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய எனக்கோ எங்கள் வீட்டு நாயின் சொறியைத் தவிர வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. சிரிக்காதீர்கள் நண்பர்களே! ஏறத்தாழ ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்த கதை அது. வகுப்பறைக்கு வெளியே நான் படித்த பெரிய பாடமும் அதுவே.

எங்கள் ஊர் ஆலங்குடியை அடுத்த ஒரு சிற்றூர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறுநாள் தோப்பைப் பார்க்கப் போன என் அப்பத்தா, விழுந்த மரத்தடியில் முனகிக்கொண்டிருந்த நாய்க்குட்டி ஒன்றை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பாலாடையில் பசும்பாலை ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். "மரமெல்லாம் போச்சு, இந்த ஒரு உசுராவது நிக்கட்டும்" என்றார். அந்த உயிர் நின்றது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயரிட்டோம்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் செவலைக்கு அரிப்புத் தொடங்கியது. முதலில் பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு காதைச் சொறிந்தது. காதிலிருந்து நாற்றம் வந்தது. வயிற்றிலும் அக்குளிலும் மயிர் உதிர்ந்து தோல் சிவந்து தடித்தது. இரவெல்லாம் அது சொறியும் ஓசை திண்ணையில் கேட்டுக்கொண்டே இருக்கும். வெயில் காலம், மழைக் காலம் என்ற வேறுபாடே இல்லை. தெருவில் அதற்குச் 'சொறிநாய்' என்று பெயர் வந்தது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதே என்றார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு வண்டியின் கழிவு எண்ணெயை நானே அதன் மேல் பூசினேன். புண்ணில் எண்ணெய் பட்டு அது கதறிய கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நக்கினால் நஞ்சு, பூசினால் எரிச்சல் என்று பிறகுதான் அறிந்தேன். நண்பர்களே, யாரும் அதைச் செய்யாதீர்கள்.

ஒரு நாள் அப்பா, "டேய் தம்பி, அறந்தாங்கி ரோட்டுல எங்கயாவது எறக்கி விட்டுட்டு வந்துரு" என்றார். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் செவலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அது என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. வண்டி அரசு கால்நடை மருத்துவமனையின் வாசலில் போய் நின்றது.

அங்கிருந்த மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். சொறிப் பூச்சி இல்லை. உண்ணிக்கும் தெள்ளுக்கும் மருந்து கொடுத்தார். ஊசி போட்டதும் அரிப்பு அடங்கியது; மருந்தின் வேகம் தணிந்ததும் திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனபோது அவரே, ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகச் சொன்னார்.

ஒரத்தநாட்டு மருத்துவ அம்மையார் நாயைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்து, "இது என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்டார். "சோறு" என்றேன். "சோற்றோடு?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஐந்தாண்டாக நாயோடு வாழ்ந்தவன், விலங்கியல் படிப்பவன், என் நாய் என்ன தின்கிறது என்பதை அறியவில்லை! வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். காலையில் பாலில் நனைத்த பிஸ்கட். நண்பகல் மோர்ச்சோறு. இரவில் குழம்புச் சோறு. ஞாயிறன்று கோழிக் கறி. இடையிடையே முட்டை, பன். மீன் மட்டும் பட்டியலில் இல்லை. முள் தொண்டையில் சிக்கும் என்று அஞ்சி அப்பத்தா மீனையும் கருவாட்டையும் பூனைக்கே போடுவார்.

பட்டியலைப் பார்த்த அம்மையார், இது உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். "இத்தனை ஆண்டு தின்றதுதானே, இப்போது மட்டும் ஏன்?" என்று கேட்டேன். பழகிய உணவில்தான் ஒவ்வாமை வரும் என்று அவர் கூறியது எனக்கு வியப்பாக இருந்தது. நூலகத்தில் தேடிப் படித்தபோது விளங்கியது. பிரான்சு நாட்டு அறிஞர்கள் சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் 1902-இல் இதைக் கண்டதே நாய்களிடம்தான். கடற்சாமந்தி என்னும் உயிரியின் நஞ்சைச் சிறிதளவு செலுத்தியபோது பிழைத்த நாய், சில வாரங்களுக்குப் பின் மீண்டும் சிறிதளவு செலுத்தியபோது இறந்தது. முதல் அறிமுகத்தில் உடல் பகைமையைப் பழகுகிறது. அடுத்தடுத்த சந்திப்பில் போர் தொடுக்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார். 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னா மருத்துவர் வான் பிர்கே உருவாக்கியது 1906-இல். தீங்கற்ற ஒரு புரதத்தை உடல் பகைவன் என்று தவறாக எண்ணிவிடுகிறது. அந்தப் போரின் புண்கள்தாம் தோலில் தெரிகின்றன.

உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், நூற்றுக்கு 34 நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17-க்குப் பாற்பொருள்களும், 15-க்குக் கோழியும், 13-க்குக் கோதுமையும் ஆகாதவையாக இருந்தன. எது வழக்கமாக ஊட்டப்படுகிறதோ அதுவே எதிரியாகிறது. இரத்தப் பரிசோதனையில் இது தெரியாதா என்று கேட்டேன். அதை நம்ப முடியாது. உணவை விலக்கிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை என்றார் அம்மையார்.

முதலில் காதுப் புண்ணுக்கும் தோலில் ஏறிய கிருமிக்கும் மருந்து கொடுத்தார். பிறகு எட்டு வாரத்துக்குச் செவலை அதுவரை தின்றறியாத உணவு மட்டுமே என்றார். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கண்மாய் ஜிலேபி மீனும் என்று முடிவாயிற்று. மீனை வேகவைத்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கிழங்கோடு பிசைந்து வைப்பேன். உப்பில்லை, மசாலா இல்லை. வெங்காயமும் பூண்டும் எந்த நாய்க்குமே கேடு என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும் என்று வீட்டில் அனைவரிடமும் கூறினேன். தெருப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் வாரத்தில் அரிப்புக் குறைந்தது. நான்காம் வாரத்தில் மீண்டும் சொறிந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஒரு நள்ளிரவில் விழித்தபோது கொல்லைப்புறத்தில் அப்பத்தா அமர்ந்திருந்தார். மடியில் செவலையின் தலை. கையில் பால் கிண்ணம்.

நான் கத்திவிட்டேன். சொல்லத் தகாத சொல்லெல்லாம் சொன்னேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "பாலூத்தி வளத்த புள்ளைடா அது. கிழங்கத் தின்னுட்டு மூஞ்சியப் பாக்குது. பாலு எப்புடிய்யா கெடுதி பண்ணும்?" என்றார். என்னிடம் விடை இல்லை. பாலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு என்று சொல்லி அவர் காலடியில் உட்கார்ந்தேன். மறுநாள் முதல் எட்டு வாரத்தை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினோம். இம்முறை மீன் முள் எடுத்தவர் அப்பத்தா. அவர் விரலுக்குத் தப்பிய முள் ஒன்றுகூட இல்லை!

எட்டாம் வார முடிவில் செவலையின் வயிற்றில் புதுமயிர் முளைத்திருந்தது. வீடு மகிழ்ந்தது. ஆனால் சோதனையின் கடினமான பகுதி அப்போதுதான் தொடங்கியது. நலமடைந்த நாய்க்குப் பழைய உணவை ஒவ்வொன்றாக மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நோய் திரும்பினால்தான் எதிரி யார் என்று உறுதியாகும். ஒவ்வோர் உணவுக்கும் இரண்டு வாரம். அறிந்தே துன்பம் கொடுக்க வேண்டுமா என்று கை நடுங்கியது. கோழியை முதலில் கொடுத்தேன்; ஒன்றும் ஆகவில்லை. கோதுமை கொடுத்தேன், ஒன்றும் இல்லை. மூன்றாவதாகப் பால். "நானே ஊத்துறேன்" என்றார் அப்பத்தா. மூன்றாம் நாள் இரவு திண்ணையில் அந்தப் பழைய ஓசை கேட்டது.

அப்பத்தா அழவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

சில நாய்களுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு மட்டும் உண்டாகும், அது வேறு. செவலைக்கு ஆகாதது பாலின் புரதம். ஆகவே தயிர், மோர், பால்மாவு கலந்த பிஸ்கட் எல்லாமே விலக்கு. மீனும் கிழங்குமாகவே வாழ்நாள் முழுதும் ஓட்டினால் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்று கூறி மருத்துவர் அளவோடு ஒரு பட்டியல் எழுதித் தந்தார். இன்று அது சோறும் கோழிக் கறியும் முட்டையும் பூசணியும் தின்கிறது. ஊசி இல்லை, மருந்தும் இல்லை. அப்பாவே மாலையில் அதைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போகிறார்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு. அதில் வள்ளுவர் மருந்தின் பெயர் எதையும் கூறவில்லை. பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது விளங்காதது, ஒரு நாயால் எனக்கு விளங்கியது. அன்பு ஊட்டுகிறது, ஆனால் ஊட்டியது ஆகிறதா என்று பார்க்கவும் அன்புக்குக் கண் வேண்டும்.

சென்ற பொங்கலன்று விருந்துக்கு வந்த அத்தை, பால் பொங்கியதும் ஒரு கரண்டி எடுத்துச் செவலைக்கு நீட்டினார். அடுப்படியிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது: "அதுக்குப் பாலு ஆகாதுத்தா. எடுத்துரு. நான் மீன் வச்சிருக்கேன்."