மேடைக்குப் பின்னால் நிற்பவன்



'புரூட்டல் லெஜண்ட்' என்றொரு நிகழ்பட விளையாட்டு உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இயங்கும் டபுள் ஃபைன் நிறுவனத்தார் டிம் ஷேஃபர் என்பவரின் தலைமையில் அதனை உருவாக்கினர். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய கருவிகளுக்கு வெளிவந்தது. கணினிக்கு 2013-இல் வந்தது. ஹெவி மெட்டல் இசையும் அதனைச் சுற்றி வளர்ந்த பண்பாடுமே அதன் கரு. கோடரி, தீ, மண்டையோடு, கொம்பு முளைத்த அரக்கர் என்று எல்லாம் உண்டு. பெற்றோர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயரை எழுதும்பொழுது 'யு' என்னும் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இடுகின்றனர். ஜெர்மன் மொழியில் அப்புள்ளிகள் ஒலியை மாற்றும். இங்கோ ஒலிக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. மோட்டர்ஹெட் போன்ற இசைக்குழுக்கள் முரட்டுத் தோற்றத்துக்காகச் சூட்டிக்கொண்ட அணிகலன் அது. புள்ளி விடுபட்ட மெய்யெழுத்துகளை நாள்தோறும் சிவப்பு மையால் வட்டமிடும் தமிழாசிரியனுக்கு இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கதைக்கு வருகிறேன். நாயகன் எடி ரிக்ஸ் பாடகன் அல்லன். கிட்டார் மேதையாகப் புகழ் பெற்றவனும் அல்லன். அவன் ஒரு 'ரோடி'. இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஒலிபெருக்கிகளைச் சுமப்பவன், கம்பிகளை இழுத்துப் பொருத்துபவன், கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பவன், மேடையை எழுப்பி மீண்டும் பிரிப்பவன். நம்மூர்த் திருவிழாக் கலைநிகழ்ச்சிகளிலும் அப்படிச் சிலர் உண்டு. அவர்கள் பெயரை அறிவிப்பாளர் சொல்லி நான் கேட்டதில்லை. மேடை அலங்காரம் சரிந்து விழும்போது இசைக்கலைஞன் ஒருவனைக் காப்பாற்றப் போய் எடி அடியில் சிக்குகிறான். அவன் இரத்தம் இடுப்புவார்க் கொக்கியில் படுகிறது; கண் விழிக்கையில் வேறோர் உலகில் கிடக்கிறான்.

அந்த உலகம் மெட்டல் இசைத்தட்டுகளின் உறை ஓவியங்களைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஓவியத்தில் கண்ட மலைகளிலும் எலும்புக் குவியல்களிலும் வண்டி ஓட்டிச் செல்லலாம். பின்னணியில் நூற்றுக்கு மேற்பட்ட உண்மையான மெட்டல் பாடல்கள் ஒலிக்கின்றன. நாயகனின் பெயரிலும் ஒரு வணக்கம் இருக்கிறது. 'எடி' என்பது அயர்ன் மெய்டன் குழுவின் சின்னமாகிய உருவத்தின் பெயர். 'ரிக்ஸ்' என்பது அவ்வுருவத்தை வரைந்த ஓவியர் டெரெக் ரிக்ஸின் பெயர். பாடியவரை மட்டுமன்றி உறை வரைந்தவரையும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தோரில் மெட்டல் உலகின் மூத்தோர் பலர் உளர். 2015 டிசம்பரில் மறைந்த லெம்மி, பேஸ் கிட்டாரை மீட்டிக் காயங்களை ஆற்றும் பாத்திரத்துக்குக் குரல் தந்தார். அவரே 1960-களில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸிடம் ரோடியாக வேலை பார்த்தவர். 2025 ஜூலையில் மறைந்த ஓஸி ஆஸ்பர்னும் இதில் பேசுகிறார்.

எடி அங்கே அடிமைப்பட்டுக் கிடக்கும் மனிதரைத் திரட்டுகிறான். ஆனால் தலைமையை லார்ஸ் என்பவனிடம் விட்டுவிட்டு, படைக்கு வேண்டியதை ஒழுங்கு செய்யும் வேலையையே தான் எடுத்துக்கொள்கிறான்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இவ்விளையாட்டின் காட்சிகளை யூடியூபில் பார்த்துவிட்டுப் பயிற்றுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் மண்டையோடு வரைந்து வைத்திருந்தான். அவனுடைய தாயார் புத்தகத்தோடு என்னைக் காண வந்தார். "இது சாத்தான் வழிபாடா ஐயா?" என்று கேட்டார். மலேசியாவில் 2001-இல் பிளாக் மெட்டல் குறித்து எழுந்த பரபரப்பு அவர் பள்ளிப் பருவத்தது; அச்சம் அங்கிருந்து வருகிறது. இக்கதையில் அரக்கர்கள் வணங்கப்படுவோர் அல்லர், எதிரிகள் என்று விளக்கினேன்.

ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்விளையாட்டு வேண்டாம் என்பதே என் முடிவு. அமெரிக்க வகைப்பாட்டில் இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. தொடக்கக் காட்சிகளிலேயே விளையாட்டு சற்று நின்று, இரத்தத்தைக் காட்டவா மறைக்கவா, கெட்ட வார்த்தைகளை அப்படியே விடவா ஒலியால் மூடவா என்று கேட்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கருவி யார் கையில் இருக்கிறதோ அவரிடமே கேட்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் எதைத் தெரிவு செய்வான் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தவிரவும், சில பாத்திரங்களின் ஆடையும் இருபொருள்படும் பேச்சும் அந்தத் தெரிவுகளுக்குள் அடங்குவன அல்ல.

அந்தப் பக்கங்களைக் கிழிக்க வேண்டாம் என்று மட்டும் தாயாரைக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பையனை அழைத்து, "யாரப்பா இவர்கள்?" என்றேன். வாய்மொழிப் பயிற்சியில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவன் அவன். பத்து நிமிடம் நிறுத்தாமல் தமிழில் பேசினான். சுரங்கத்தில் அடைக்கப்பட்டுத் தலையாலேயே பாறையை உடைக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று இதில் வருகிறது. உடைத்து உடைத்துக் கழுத்து தூண்போல் பருத்துவிட்டது. எடி அவர்களை விடுவித்துப் படையாக்குகிறான். 'ஹெட்பேங்கர்ஸ்' என்னும் அவர்கள் பெயரைத் தமிழில் சொல்ல முயன்ற பையன், "தலையாட்டிகள் ஐயா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வழக்கில் தலையாட்டி என்றால் ஆமாம் சாமி போடுகிறவர். அதனை விளக்கியதும் அவன் கொஞ்சம் யோசித்து, "எடி வர்றதுக்கு முன்னாடி அவங்க அப்படித்தானே ஐயா இருந்தாங்க?" என்றான். பத்து ஆண்டு இரட்டுறமொழிதல் நடத்தியும் எனக்கு இப்படி ஓர் எடுத்துக்காட்டு வாய்த்ததில்லை.

வெளிவந்தபோது இவ்விளையாட்டைப் பலர் குறை கூறினர். வெட்டும் குத்துமாகத் தொடங்கிப் பாதியில் படை நடத்தும் உத்தி விளையாட்டாக மாறிவிடுகிறது என்பது பெரிய முறைப்பாடு. நியாயமானதே.

முடிவு எனக்குப் பிடித்திருந்தது. போர் ஓய்ந்தபின் ஊரார் லார்ஸுக்கு நினைவுச்சிலை எழுப்பி அவனைப் போற்றுகிறார்கள். எடி சத்தமின்றித் தன் வண்டியில் ஏறிப் போய்விடுகிறான். பையன் அவ்வளவு தூரம் பார்க்கவில்லை. வயது வரட்டும் என்று நானும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.